தீங்குக் குறைப்பு (புகைவழிப் போதை)

போதைப் பழக்கத்தை ஒரேயடியாக விட இயலாதவனும், விடுங்காலம் வரையில் உயிரோடும் ஓரளவு தேக சுகத்தோடும் இருக்க வேண்டும் என்னும் நோக்கத்தில், பழக்கத்தால் விளையும் கேடுகளை முடிந்த மட்டும் தணிக்கும் வைத்திய, சமூக முறை. சென்னையில் 1980களில் பரவிய ‘பிரவுன் சுகர்’ என்னும் கலப்பட ஹெராயினை, சிகரெட் பெட்டியின் ஈயத்தாளில் இட்டு, அடியில் தீக்குச்சி காட்டி, எழும் புகையைச் சுருட்டிய தாளால் உறிஞ்சுவதே முதலில் வழக்கமாயிருக்க, 1990களில் பலர் புப்ரினார்பின் என்னும் வலிநீக்கி மருந்தின் ஊசிக்கு மாறியதும், பகிர்ந்த ஊசியால் எச்.ஐ.வி. பரவியதும், புகைப்பவனை ஊசிக்குப் போகாமல் காப்பதே பெரும் நன்மை என்பதை உணர்த்தின. அதே புப்ரினார்பின், நாவடியில் கரையும் மாத்திரையாய், 2007இல் தொடங்கிய தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் மூன்றாங்கட்டத்தில் ஹெராயினுக்கு மாற்று மருந்தாக வந்தது விசித்திரமே. ஆயினும் அது ஊசியினரை முன்னிட்டதாதலால், புகைப்பவன் பெரும்பாலும் புறத்தே நின்றுவிட்டான். 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் உபயோகிப்பவனையும் தண்டிக்கும். எனினும், அதன் 64ஏ பிரிவு, தானாகவே அரசு அங்கீகரித்த சிகிச்சையை நாடி அதை முடிப்பவனுக்கு வழக்கிலிருந்து விலக்களிக்கிறது. விருதுநகர் மாவட்டத்து அருப்புக்கோட்டை, திருச்சுழிக் கரிசல் சீமையிலோ ஈயத்தாளைக் காட்டிலும் கைமாறும் கஞ்சா பீடியே கவனத்துக்குரியது. அங்குத் தறிக்கூடத்துப் பஞ்சுத் தூசியை ஏற்கெனவே சுவாசிக்கும் நெஞ்சுக்கு, ஒரே பீடியைப் பலர் இழுக்காதிருப்பதும், இரண்டு வாரத்துக்கு மேற்பட்ட இருமலுக்கு அரசு மருத்துவமனையில் இலவசமாகக் காசநோய்ச் சளிப் பரிசோதனை செய்துகொள்வதும் முதற்காரியங்கள்.