இரு சோதனைகள்

1896-ஆம் ஆண்டு மார்ச் மாதம். பிலடெல்பியாவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழக உளவியல் ஆய்வகத்துக்கு ஓர் ஆசிரியை பதினான்கு வயதுச் சிறுவனை அழைத்து வந்தார். சொற்களைப் பிழையின்றி எழுத்துக்கூட்டுவது மட்டும் அவனுக்குக் கைவரவில்லை. ஆய்வகத் தலைவர் லைட்னர் விட்மர், லைப்சிக்கில் வுண்ட்டிடம் பயின்றவர். மனிதன் புலன்களால் எவ்வாறு அறிகிறான் என்று அளந்து பொதுவிதி காண்பதே அன்றைய உளவியலின் வேலை. ஒரு தனிச் சிறுவனின் துயரம் அதன் எல்லைக்குள் வரவில்லை.

ஆனால் உளவியலால் பயன் உண்டெனில் அது இந்த ஆசிரியைக்கு உதவியாக வேண்டும் என்று விட்மர் கருதினார். சோதித்தபோது சிறுவனின் பார்வையில் கோளாறு இருந்தது தெரிந்தது. கண்ணாடி அணிவித்து, தனிப்பயிற்சியும் அளிக்கவே முன்னேற்றம் தெரிந்தது. உலகின் முதல் உளவியல் சிகிச்சையகம் இப்படித்தான் பிறந்தது. 1907-இல் தாம் தொடங்கிய இதழில் விட்மர் இதற்கு 'கிளினிகல் சைக்காலஜி' என்று பெயரிட்டார். 'கிளினிகல்' என்னும் சொல்லின் வேர் படுக்கையைக் குறிக்கும் கிரேக்கச் சொல். விட்மரிடம் படுக்கை இல்லை. நோயாளியின் அருகிருந்து அவர் ஒருவரையே கவனிக்கும் முறையைத்தான் அவர் மருத்துவத்திடமிருந்து பெற்றுக்கொண்டார்.

அதே காலத்தில் இன்னொரு பாதையும் திறந்தது. உதவி தேவைப்படும் குழந்தைகளைக் கண்டறிய 1905-இல் பாரிஸில் பினே அமைத்த அறிவுச்சோதனை, அமெரிக்காவில் மனிதரைத் தரம்பிரிக்கும் கருவியாயிற்று. கேரி பக் என்ற இளம்பெண்ணின் 'மனவயது' ஒன்பது என்றது அத்தகைய ஒரு சோதனை. அந்த எண்ணும் சான்றாக முன்வைக்கப்பட்ட வழக்கில், 1927-இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் அவருக்குக் கட்டாயக் கருத்தடை செய்ய அனுமதித்தது. அவருக்கு அறிவுக்குறை ஏதும் இருக்கவில்லை என்பது பின்னாளைய ஆய்வாளர் முடிவு.

இரண்டாம் உலகப்போருக்குப் பின், மனம் சிதைந்து திரும்பிய வீரர்களைக் கவனிக்க மருத்துவர்கள் போதவில்லை. அதுவரை பெரிதும் சோதனை நடத்துவோராக இருந்த உளவியலாளர்கள் சிகிச்சைக்குள்ளும் வந்தனர். அவர்கள் ஆய்வாளராகவும் சிகிச்சையாளராகவும் ஒருசேரப் பயில வேண்டும் என 1949-இல் கொலராடோவின் போல்டர் நகரில் கூடிய மாநாடு வகுத்தது. இன்றும் உரையாடல், சோதனை, நோயறிதல், உளச்சிகிச்சை ஆகியவையே அவர்கள் பணி. மருந்து எழுதித் தருவது பெரும்பாலான நாடுகளில் மனநல மருத்துவர்களின் பொறுப்பு.

சிறுவனிடமும் கேரியிடமும் நடந்தது சோதனைதான். முன்னதில் அது உதவியின் தொடக்கம், பின்னதில் தீர்ப்பு. இத்துறையின் அறம் இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தொலைவில் இருக்கிறது.