மயஸ்தீனியா கிராவிஸ்: தன்னெதிர்ப்பான்களின் வரலாறு

நரம்பு முனையில் சுரக்கும் அசிட்டைல்கோலின், தசைப்பரப்பிலுள்ள ஏற்பிப் புரதத்தில் ஒட்டினால்தான் தசை சுருங்கும். உடலின் நோயெதிர்ப்பு அமைப்பு அந்த ஏற்பியையே பகையாகக் கருதித் தாக்கும்போது மயஸ்தீனியா கிராவிஸ் உண்டாகிறது. பொழுது சாயச் சாயக் கண்ணிமை தொங்கும். பேசப் பேச நாக்குழறும். ஓய்வெடுத்தால் ஓரளவு தெளியும். இந்த ஏற்ற இறக்கத்தாலேயே நோயாளிகள் பலரை நடிப்பவர்கள் என்று ஒதுக்கியது மருத்துவ வரலாற்றின் வேதனையான பகுதி.

நெடுநேரம் பேசினால் பேச்சிழந்து, ஒன்றிரண்டு மணி நேரத்தில் மீளும் ஒரு பெண்ணைப் பற்றி ஆங்கிலேய மருத்துவர் தாமஸ் வில்லிஸ் 1672-இல் எழுதினார். நோய்க்கு இன்றைய பெயர் 1895-இல் பிரீட்ரிக் யோலி வைத்த பெயரிலிருந்து வந்தது. 1934-இல் கிரீனிச் மருத்துவமனையில் மேரி வாக்கர், இந்நோயின் அறிகுறிகள் நரம்பு-தசைச் சந்திப்பை முடக்கும் குராரே நஞ்சின் விளைவை ஒத்திருப்பதைக் கவனித்து, அந்நஞ்சின் முறிவான பைசோஸ்டிக்மினை ஊசியாகப் போட்டார். தொங்கிய இமை உயர்ந்தது. கோளாறு நரம்பும் தசையும் சந்திக்கும் இடத்தில்தான் என்பதற்கு அதுவே வலுவான சான்று.

ஆனால் அங்கே என்ன நடக்கிறது? நோயுற்ற தாய்மாருக்குப் பிறந்த குழந்தைகள் சிலர் சில வாரங்கள் மட்டும் சோர்ந்திருந்து தேறினர். தாயின் இரத்தத்திலிருந்து ஏதோ வந்திருக்க வேண்டும். இதையும், நோயெதிர்ப்பில் பங்குள்ள தைமஸ் சுரப்பியில் நோயாளிகளிடம் கண்ட மாறுதல்களையும் சேர்த்துப் பார்த்த ஸ்காட்லாந்து மருத்துவர் ஜான் சிம்ப்சன், ஏற்பியைத் தாக்கும் எதிர்ப்பானே காரணம் என்று 1960-இல் ஊகித்தார். நிரூபிக்க அன்று கருவி இல்லை.

கருவி கொடுத்தவை பாம்பும் மீனும். தைவானில் ஒருவகைக் கட்டுவிரியனின் நஞ்சிலிருந்து பிரித்த புரதம் ஏற்பியை விடாமல் பற்றிக்கொள்ளும். மின்விலாங்கின் மின்னுறுப்பில் ஏற்பிகள் ஏராளம். அந்த ஏற்பியைத் தூய்மைப்படுத்தி, 1973-இல் கலிபோர்னியாவின் சால்க் நிறுவனத்தில் ஜிம் பேட்ரிக், ஜான் லிண்ட்ஸ்ட்ரோம் இருவரும் முயல்களுக்குச் செலுத்தினர். ஆய்வுக்கு எதிர்ப்பான் வேண்டியே செய்தார்கள். முயல்களோ தளர்ந்து விழுந்தன. அதே ஆண்டு, அந்தப் பாம்புப் புரதத்தைக் கொண்டு, நோயாளிகளின் தசையில் ஏற்பிகள் குறைந்திருப்பதை பால்டிமோரில் கண்டனர். 1975-இல் நோயாளிகளின் எதிர்ப்பானை எலிகளுக்கு ஏற்றியபோது நோயின் அடையாளங்களும் கூடவே சென்றன. சிம்ப்சனின் ஊகம் உறுதியானது. 1976-இல் இரத்தப் பரிசோதனையும் வந்தது.

இந்த எதிர்ப்பான்கள் ஏற்பியை அடைப்பதோடு நிற்பதில்லை. ஏற்பிகளை இணைத்துச் செல்லுக்குள் இழுத்துச் சிதையச் செய்கின்றன, நிரப்புப் புரதங்களை ஏவித் தசைச்சவ்வையும் அழிக்கின்றன. எனினும் இருவரின் எதிர்ப்பான் அளவை ஒப்பிட்டு யாருக்கு நோய் கடுமை என்று சொல்லிவிட முடியாது.

பரிசோதனையில் எதிர்ப்பான் தென்படாதவர்கள் சிலரிடம், 2001-இல் மஸ்க் என்ற வேறொரு தசைப் புரதத்துக்கு எதிரான எதிர்ப்பான் கண்டறியப்பட்டது. 2011-இல் எதிர்ப்பான்களின் இலக்குகளில் எல்ஆர்பி4 என்ற புரதமும் சேர்ந்தது. லாம்பர்ட்-ஈட்டன் நோய் மயஸ்தீனியாவின் உறவு. அதில் இலக்கு நரம்பு முனையின் கால்சியம் வாயில்கள். அந்நோயாளிகளில் பாதிப்பேருக்குச் சிறுசெல் நுரையீரல் புற்றுநோய் இருப்பதால், நோய் உறுதியானதும் நுரையீரலைச் சோதிப்பது கட்டாயம்.

எல்லாச் சோதனைகளிலும் எதிர்ப்பான் அகப்படாத மயஸ்தீனியா நோயாளிகள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களுக்கு நரம்பைத் தொடர்ந்து தூண்டித் தசையின் எதிர்வினையை அளக்கும் மின்சோதனையும், மருத்துவரின் நேரடிக் கவனிப்புமே துணை.