எலும்புக்கூடுகளை ஆட்டிவைத்தவர்
எலும்புக்கூடுகள் வாளேந்திப் போரிடும் காட்சியை, 1963-இல் வெளிவந்த 'ஜேசன் அண்ட் தி ஆர்கோநாட்ஸ்' படத்தில் நீங்கள் கண்டிருக்கலாம். அதை ஆக்கியவர் அமெரிக்கரான ரே ஹாரிஹாசன்.

1933-இல், பள்ளிச் சிறுவனாக 'கிங் காங்' பார்த்த வியப்பில் வீட்டிலேயே பொம்மைகள் செய்யத் தொடங்கினார். உள்மூட்டுகளைத் தந்தை கடைந்து தந்தார். பின்னர், கிங் காங்குக்கு அசைவு தந்த வில்லிஸ் ஓபிரையனிடம் அவற்றைக் காட்டினார். ஸ்டெகோசாரஸின் கால்கள் சரியில்லை, உடற்கூறு படி என்றார் அவர். இளைஞர் சோர்ந்துவிடவில்லை, படித்தார். 1949-இல் வந்த 'மைட்டி ஜோ யங்' படத்தில் அவருக்கே உதவியாளரானார்.

கணக்கைப் பாருங்கள். திரையில் வினாடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. ஒவ்வொரு படத்துக்கும் ஏழு எலும்புக்கூடுகளின் கை, கால், தலையை இம்மியளவு நகர்த்த வேண்டும். நாளொன்றுக்குச் சுமார் 13 படங்கள். அதாவது அரை வினாடிக் காட்சி! (ஊசல் சோதனையை மூன்றாம் முறை செய்யச் சொன்னாலே என் மாணவர்கள் முகம் சுளிக்கிறார்கள்.) சில நிமிடச் சண்டைக்கு நாலரை மாதங்கள் ஆயின.