திருச்சி வானொலி: மத்திய அலையிலிருந்து கைப்பேசி வரை

முன்னுரை

திருச்சியிலிருந்து திண்டுக்கல் செல்லும் வழியில் ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது மணப்பாறை. மாட்டுச் சந்தையும் முறுக்கும் இவ்வூரின் அடையாளங்கள். 1957இல் வெளிவந்த ‘மக்களைப் பெற்ற மகராசி’ படத்துக்காக அ. மருதகாசி எழுதி, டி. எம். சௌந்தரராஜன் பாடிய உழவுப் பாட்டு மணப்பாறை மாட்டைச் சொல்லித்தான் தொடங்கும். இவ்வூரைப் பார்த்தே இராதவர்களும் அதன் பெயரை அறிந்திருந்ததற்கு அந்தப் பாட்டும், அதை வீடுதோறும் கொண்டு சேர்த்த வானொலியும் காரணம்.

எங்கள் தலைமுறைக்குக் கடிகாரமே வானொலிதான். தில்லியிலிருந்து காலை 7.15 மணிக்குத் தமிழ்ச் செய்தி தொடங்கினால் பள்ளிக்குக் கிளம்ப நேரமாகிவிட்டது என்று பொருள். சரோஜ் நாராயணசுவாமியின் குரலைக் கேட்டுத்தான் பலர் தெளிவான உச்சரிப்பு எப்படி இருக்கும் என்று அறிந்தோம். இன்று அதே ஊரில் வகுப்பறையில், “வீட்டில் வானொலிப் பெட்டி இருக்கிறதா?” என்று கேட்டால் உயரும் கைகள் மிகச் சில. ஆனால் எல்லார் வீட்டிலும் கைப்பேசி இருக்கிறது. இந்த மாற்றத்தில் வானொலி எவ்வாறு நிலைக்க முடியும் என்பதைத் திருச்சி நிலையத்தின் வரலாற்றைக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

தொடக்கக் காலம்

தமிழகத்தில் வானொலியைத் தொடங்கியவர்கள் ஆர்வலர்கள். சி. வி. கிருஷ்ணசாமி செட்டியின் முயற்சியால் 1924இல் சென்னை மாகாண வானொலிக் கழகம் உருவாகி, அதே ஆண்டு ஜூலை 31இல் ஒலிபரப்பைத் தொடங்கியது. பணத் தட்டுப்பாட்டால் 1927இல் கழகம் தன் பணியை நிறுத்திக் கருவிகளைச் சென்னை மாநகராட்சிக்கு வழங்கியது. மாநகராட்சி 1930 முதல் மாலை நேரத்தில் ஒலிபரப்பியது. வீட்டில் பெட்டி இல்லாதவர்களும் கேட்கும்படி கடற்கரையில் ஒலிபெருக்கி வைக்கப்பட்டது. வானொலி இங்கே பிறந்தபோதே பொதுவிடத்தில் பலர் கூடிக் கேட்கும் பொருளாக இருந்தது என்பது நினைவில் கொள்ளத்தக்கது.

1936இல் அகில இந்திய வானொலி என்ற பெயர் வந்தது. 1938 ஜூன் 16இல் சென்னை நிலையமும், 1939 மே 16இல் திருச்சி நிலையமும் தொடங்கின. திருச்சியின் முதல் ஒலிபரப்பியின் ஆற்றல் 5 கிலோவாட். நாடு விடுதலை பெற்றபோது இந்தியாவின் பங்கில் இருந்த நிலையங்கள் ஆறே: தில்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை, லக்னோ, திருச்சி. ஆறில் இரண்டு தமிழ் நிலத்தில் இருந்தன. அந்த வரிசையில் மாகாணத் தலைநகராக இல்லாத ஊர் திருச்சி. காவிரிப் படுகையும் அதன் இசை மரபும், தெற்கே புதுக்கோட்டை, மணப்பாறை போன்ற வானம் பார்த்த பூமியும் இந்நிலையத்தைச் சுற்றி இருந்தன. ஆகவே உழவும் இசையும் இதன் இரு தூண்களாயின. திருவையாற்றுத் தியாகராசர் ஆராதனையை நேரடியாக ஒலிபரப்புவது இந்நிலையத்தின் நீண்ட மரபு.

‘ரேடியோ நெல்’

திருச்சி வானொலியின் வரலாற்றில் உலகம் திரும்பிப் பார்த்த நிகழ்வு ஒன்று உண்டு. தஞ்சை மாவட்டத்தில் 1960-61இல் தீவிர வேளாண்மைத் திட்டம் தொடங்கியது. ஆடுதுறை ஆராய்ச்சி நிலையம் ஜப்பானிய நெல்லையும் நம் நாட்டு நெல்லையும் கலந்து உருவாக்கிய ஏடிடீ 27 என்ற குறுவை ரகத்தை 1965இல் வெளியிட்டது. ஏறத்தாழ 105 நாளில் விளையக்கூடிய ரகம் அது. 1966இல் வானொலி நிலையங்களில் பண்ணை இல்லப் பிரிவுகள் அமைந்தபோது திருச்சி நிலையம் இந்த ரகத்தைப் பற்றி விடாமல் பேசியது. எப்போது நாற்று விடுவது, எவ்வளவு இடைவெளியில் நடுவது, எந்த நாளில் மேலுரம் இடுவது என்று பருவத்தோடு ஒட்டிப் பேசியது. உழவர்களின் குரல்களும் ஒலித்தன. விளைவு என்னவென்றால், கடைக்குப் போன உழவர்கள் ‘ரேடியோ நெல்’ வேண்டும் என்று கேட்டார்கள். ஆராய்ச்சி நிலையம் வைத்த எண்ணைவிட ஊர் வைத்த பெயரே நிலைத்தது.

இந்த வெற்றியை வானொலி மட்டும் பெற்றுத் தந்துவிடவில்லை. கேட்டவர் மறுநாள் போனால் விதையும் உரமும் கிடைத்தன. ஐயம் கேட்க வேளாண் அலுவலர் இருந்தார். குரலும் களமும் ஒன்றையொன்று தாங்கின. குறைகளும் இருந்தன. குறுவை அறுவடை மழையோடு சேர்ந்து வந்ததால் ஈர நெல்லைக் காயவைப்பது பெரும்பாடாயிற்று. அதற்குத் தீர்வு காண 1967இல் திருவாரூரில் தொடங்கிய நெல் பதன ஆய்வுப் பணியே வளர்ந்து, இன்று தஞ்சையில் தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனமாக இருக்கிறது. விளைச்சல் கூடியபோதும் கூலியாட்களுக்கு அதன் பங்கு சரியாகக் கிடைக்கவில்லை என்பதை அக்காலக் கீழத் தஞ்சையின் கூலிப் போராட்டங்கள் காட்டின. கேட்பவர் எல்லாருக்கும் ஒரே குரல் கேட்டாலும், எல்லார் கையிலும் நிலம் இல்லை.

வானொலி ஏற்கெனவே கடந்த மாற்றங்கள்

டிஜிட்டல் காலம்தான் வானொலிக்கு வந்த முதல் சோதனை என்று நினைப்பது தவறு. இதற்கு முன் குறைந்தது மூன்று சோதனைகளை அது கடந்திருக்கிறது.

முதலாவது, திரைப்பாடல். 1952இல் செய்தி ஒலிபரப்புத் துறை அமைச்சரான பி. வி. கேஸ்கர் காலத்தில் திரைப்பாடல்கள் அகில இந்திய வானொலியிலிருந்து ஏறக்குறைய விலக்கப்பட்டன. நேயர்கள் முள்ளை இலங்கை வானொலிக்குத் திருப்பினார்கள். பின்னாளில் மயில்வாகனன், கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீது போன்றோரின் பெயர்கள் தமிழக வீடுகளில் உறவினர் பெயர்களைப் போலப் புழங்கின. நேயரை இழந்த பின்னரே 1957 அக்டோபர் 3இல் விவித பாரதி பிறந்தது. கேட்பவர் விருப்பத்தை மதிக்காத நிலையத்தை அவர் நொடியில் மாற்றிவிடுவார் என்ற பாடம் அன்றே கிடைத்தது.

இரண்டாவது, டிரான்சிஸ்டர். மின்சாரம் வேண்டிய பெரிய பெட்டி, மின்கலத்தில் ஓடும் சிறு பெட்டியானது. அஞ்சலகத்தில் ஆண்டுதோறும் கட்ட வேண்டிய உரிமக் கட்டணமும் 1980களில் நீங்கியது. பஞ்சாயத்து ஒலிபெருக்கியின் அடியில் கூடிக் கேட்டவர்கள், வயல் வரப்பில் பெட்டியை மாட்டிக்கொண்டு தனியாகக் கேட்கத் தொடங்கினார்கள்.

மூன்றாவது, தொலைக்காட்சியும் பண்பலையும். 1975இல் சென்னைத் தொலைக்காட்சியும், 1993இல் தனியார் தமிழ்த் தொலைக்காட்சியும் வந்து மாலை நேரத்தைப் பிடித்துக்கொண்டன. இந்தியாவின் முதல் பண்பலை ஒலிபரப்பு 1977இல் சென்னையில் தொடங்கியது. அலைவரிசைகள் பொதுச் சொத்து என்று 1995இல் உச்ச நீதிமன்றம் கூறியது. பின்னர் தனியார் பண்பலைகளும், 2004இல் அண்ணா பல்கலைக்கழகத்தில் நாட்டின் முதல் வளாகச் சமுதாய வானொலியும் வந்தன. திருச்சியில் அகில இந்திய வானொலியின் ரெயின்போ பண்பலையோடு தனியார் பண்பலைகளும், ஹோலி கிராஸ் கல்லூரியின் சமுதாய வானொலியும் ஒலிக்கின்றன.

இன்றைய சோதனை

திருச்சி நிலையத்தின் முதன்மை அலைவரிசை மத்திய அலையில் 936 கிலோஹெர்ட்ஸ். மத்திய அலை நெடுந்தொலைவு செல்லும். மணப்பாறைக்கு அப்பாலுள்ள சிற்றூர்களையும் எட்டும். ஆனால் இன்றைய வீட்டில் எல்.இ.டி. விளக்குகளும் மின்னேற்றிகளும் எழுப்பும் இரைச்சல் அதன் ஒலியைக் கெடுக்கிறது. கைப்பேசியில் மத்திய அலையைக் கேட்க இயலாது. பல கைப்பேசிகளில் பண்பலை வசதிகூட நீக்கப்பட்டதால், அதை விட்டுவிடாதீர்கள் என்று 2023இல் மத்திய அரசே நிறுவனங்களுக்கு அறிவுறுத்த நேர்ந்தது.

மூன்று வழிகள் முயலப்படுகின்றன. ஒன்று, டிஆர்எம் எனப்படும் டிஜிட்டல் ஒலிபரப்பு. நாட்டில் முப்பதுக்கும் மேற்பட்ட மத்திய அலை ஒலிபரப்பிகள் இதற்கு ஏற்றபடி அமைக்கப்பட்டுள்ளன. ஒலி தெளிவானது, ஒரே அலைவரிசையில் ஒன்றுக்கு மேற்பட்ட நிகழ்ச்சிகளை அனுப்பலாம். ஆனால் அதைக் கேட்க வேண்டிய பெட்டி சாதாரணக் குடும்பம் எளிதில் வாங்கும் விலையில் பரவவில்லை. இரண்டு, பிரசார் பாரதியின் ‘நியூஸ் ஆன் ஏர்’ செயலி. இதனால் திருச்சி நிலையத்தைச் சிங்கப்பூரிலும் துபாயிலும் கேட்கலாம். மூன்று, பதிவுசெய்து வேண்டும்போது கேட்கும் வலையொலி.

பிற நாடுகளில் எடுக்கப்பட்ட முடிவுகளும் பாடம் தருகின்றன. நார்வே 2017இல் தேசிய நிலையங்களைப் பண்பலையிலிருந்து டிஜிட்டலுக்கு மாற்றியது. 1941இல் தொடங்கிய பிபிசி தமிழ் ஒலிபரப்பு, ‘தமிழோசை’ என்ற பெயரில் தலைமுறைகள் கேட்ட சேவை, 2017 ஏப்ரல் 30இல் சிற்றலையில் நிறைவுற்றது. பிபிசி தமிழ் இணையத்தில் தொடர்கிறது. இணையத்தில் புதிய வாசகர்கள் வந்தார்கள். ஆனால் இணையம் இல்லாத ஊரில் சிற்றலைப் பெட்டியை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்த முதியவருக்கு அன்றோடு அந்தக் குரல் நின்றது.

ஒலிபரப்பைக் கைவிட முடியாத காரணம்

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்து, புதுக்கோட்டை வழியாக உள்நாட்டுக்குள் புகுந்தது. மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்தன. பல ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. கைப்பேசிக் கோபுரங்கள் ஓய்ந்தன. அத்தகைய நாளில் செயலி பயன்படாது. இரண்டு மின்கலம் போட்ட சிறு பெட்டி பயன்படும்.

செலவிலும் ஒரு வேறுபாடு உண்டு. ஒலிபரப்பியிலிருந்து ஒருவர் கேட்டாலும் ஒரு லட்சம் பேர் கேட்டாலும் மின் செலவு ஒன்றே. கேட்பவருக்கும் கட்டணம் இல்லை. இணையத்தில் கேட்பவர் கூடக் கூட அனுப்புபவரின் செலவு கூடும். கேட்பவரின் தரவும் கரையும்.

எவ்வாறு தகவமைத்துக்கொள்ளலாம்?

1. பழையதைக் காப்பது: நிலையங்களில் உள்ள காந்த நாடாக்களில் கச்சேரிகள், நாடகங்கள், உழவர் உரையாடல்கள், நாட்டுப்புறப் பாடல்கள் பதிந்துள்ளன. நாடா காலப்போக்கில் சிதைவது. அவற்றை டிஜிட்டலாக்கி, பாடியவர் பெயர், ஊர், ஆண்டு ஆகியவற்றோடு பட்டியலிட்டு வெளியிட வேண்டும். 2016இல் தொடங்கிய ‘ராகம்’ என்ற செவ்வியல் இசை இணைய அலைவரிசை இசைக்கு ஒரு வழி காட்டியது. பேச்சுக்கும் அத்தகைய வழி தேவை. ரேடியோ நெல்லைப் பற்றி அன்று பேசிய உழவரின் குரல் இன்றைய வேளாண் மாணவருக்குக் கிடைக்குமானால், அதைவிட நல்ல பாடம் வேறில்லை.

2. ஒரே நிகழ்ச்சி, இரு வடிவம்: காலையில் ஒலிபரப்பாகும் பத்து நிமிட உழவர் நிகழ்ச்சியை அன்றே பயிர், பருவம், வட்டாரம் என்று தலைப்பிட்டு இணையத்தில் வைக்கலாம். மருங்காபுரி மானாவாரிக்காரர் மாலையில் தேடிக் கேட்பார்.

3. நேயர் குரல்: முன்பு அஞ்சலட்டையில் வந்த நேயர் கடிதம் இன்று வாட்ஸ்அப் குரல்பதிவாக வரலாம். ஐயமும் பதிலும் இரு குரல்களில் ஒலித்தால் நிகழ்ச்சி உயிர் பெறும்.

4. உள்ளூர்த்தன்மை: உலகச் செய்தி எங்கும் கிடைக்கிறது. மணப்பாறைச் சந்தை நிலவரம், முக்கொம்பில் நீர் திறப்பு, பொன்னணியாறு அணையின் நீர்மட்டம் ஆகியவற்றைச் சொல்ல உள்ளூர் நிலையம்தான் வேண்டும்.

திருவரங்கத்தில் வைகுண்ட ஏகாதசியன்று பரமபதவாசல் திறப்பை இன்று கைப்பேசியிலேயே படமாகக் காணலாம். ஆயினும் திருச்சி வானொலியின் நேர்முக வர்ணனைக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. அரங்கன் அணிந்திருக்கும் ரத்தினாங்கியையும், கூட்டத்தின் ஆரவாரத்தையும், இன்னும் விடியாத இருட்டையும் சொற்களாலேயே காட்ட வேண்டும். பார்வையற்றவருக்கும், அடுப்படியில் கைவேலையாக இருப்பவருக்கும், பேருந்து ஓட்டுநருக்கும் அதுவே காட்சி.

முடிவுரை

கடற்கரை ஒலிபெருக்கி, மரப்பெட்டி, டிரான்சிஸ்டர், பண்பலை, கைப்பேசி என்று கருவி மாறிக்கொண்டே வந்திருக்கிறது. கேட்பவரின் ஊரையும் பருவத்தையும் தேவையையும் அறிந்து பேசிய காலங்களில் வானொலி வளர்ந்தது. அவரை மறந்த காலங்களில் அவர் வேறு அலைவரிசைக்குப் போனார். செயலி புதிய நேயரைத் தேடித் தரட்டும். புயல் நாளுக்காக ஒலிபரப்பியும் நிற்கட்டும். இரண்டையும் விட அவசரமானது நாடாக்களில் உறங்கும் குரல்களை மீட்பது. ஒலிபரப்பியைப் பின்னர்கூட வாங்கிக்கொள்ளலாம். அழிந்த குரலை மீண்டும் பதிவு செய்ய முடியாது.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம், அவர்கள் கேட்ட வானொலி நிகழ்ச்சிகளைப் பற்றிக் கேளுங்கள். அவர்கள் சொல்வதைக் கைப்பேசியில் பதிவு செய்து, பெயரும் நாளும் எழுதி வையுங்கள். ஓர் ஊரின் ஒலி வரலாறு அப்படித்தான் சேரும்.