மாலை வேறு, வாக்கு வேறு!

போர்க்களத்திலே வெற்றி தேடித் தந்தவரைத் தேர்தல் களத்திலே தோற்கடித்த மக்களை எப்பெயரிட்டு அழைப்பது? நன்றி மறந்தோர் என்றா? அல்ல தோழர்களே, அல்ல! அறிவை அரியணை ஏற்றியோர் என்றே நாம் அழைப்போம்.

1945 மே 8. செருமனி சரணடைந்தது. களிப்புக் கடலாயிற்று இலண்டன் மாநகர். மாடத்திலே நின்ற சர்ச்சிலைக் கண்டு மக்கள் ஆர்ப்பரித்தனர். இரண்டு திங்கள் கூட ஆகவில்லை. சூலை 5-இல் அதே மக்கள் வாக்குச் சாவடிக்குச் சென்றனர். கடல் கடந்து நின்ற போர்வீரர்தம் வாக்குகளும் வந்துசேர, சூலை 26-இல் முடிவு வெளியாயிற்று. மொத்தம் 640 இடங்கள், தொழிற்கட்சிக்கு 393!

வென்ற கட்சியின் தலைவர் வீரமுழக்கமிடும் பேச்சாளரா? இல்லை, ஆரவாரம் அறியாத அட்லி. ஆளுக்கு ஆள் எடை போட்டிருந்தால் தராசு எப்பக்கம் சாய்ந்திருக்கும் என்பதை நாம் சொல்லவும் வேண்டுமோ?

கன்சர்வேடிவ் கட்சி தன் தேர்தல் அறிக்கையையே சர்ச்சிலின் பெயரால் வெளியிட்டது. தொழிற்கட்சியோ, எதிர்காலத்தை எதிர்கொள்வோம் என்று தலைப்பிட்டுத் திட்டங்களை அடுக்கிற்று. வறுமை, நோய், அறியாமை, இழிந்த குடியிருப்பு, வேலையின்மை எனும் ஐம்பெரும் பகைவரை 1942-இலேயே பெவரிட்ஜ் அறிக்கை சுட்டிக்காட்டியிருந்தது. முப்பதுகளில் வேலையின்றி வாடிய மக்கள் அதை மறப்பரோ? சமதர்மம் வந்தால் கெஸ்டபோ போன்றதொரு காவற்படையும் வருமென வானொலியில் அச்சுறுத்தினார் சர்ச்சில். மக்கள் மருளவில்லை. வேலை கிடைக்குமா, வீடு கிடைக்குமா, மருந்து கிடைக்குமா என்றே கேட்டனர்.

விளைவு? 1948 சூலை 5-இல், நோயாளியிடம் கட்டணம் கேளாத தேசிய மருத்துவப் பணி பிறந்தது. 1951-இல் சர்ச்சில் மீண்டும் ஆட்சிபீடம் ஏறினார். ஆயினும் அப்பணியை அவர் கலைக்கவில்லை. ஆட்சி மாறிற்று, கொள்கை நிலைத்தது!

நல்ல கொள்கையைச் சுமக்க நல்ல மனிதர் வேண்டாவோ எனக் கேட்பர் சிலர். வேண்டும்; ஐயமில்லை. ஆனால், ஒருவரது புகழை நாம் விசாரணைக் கூண்டில் ஏற்ற முடியுமா? எழுதித் தந்த திட்டத்தை ஏற்றலாம்! சொன்னது எது, செய்தது எது என்று வரிவரியாகக் கேட்கலாம். கேட்கும் உரிமையுடையோன் குடிமகன். கேளாது கும்பிடுவோன் பக்தன்.

வீரருக்கு மாலை சூட்டுவோம்; அது நன்றி. வாக்கினைக் கொள்கைக்கே வழங்குவோம், அது கடமை.