தீண்டாமல் விழுதல்

ஈர்ப்பலைகளின் வரலாற்றைப் பேசுவோர் 2015 செப்டம்பர் 14 அன்று அமெரிக்காவின் லைகோ ஆய்வகங்கள் முதன்முதலாக ஓர் அலையைப் பதிவு செய்ததையே முன்னிறுத்துவர். அது முறையே. ஆனால் அதே பருவத்தில் நிகழ்ந்த வேறொரு சோதனை ஓர் அலையைக்கூடக் கண்டறியவில்லை. கண்டறிய முற்படவும் இல்லை. எனினும் அது லைகோவின் சாதனைக்குச் சற்றும் குறைந்ததன்று என்பேன்.

தரைக் கருவிகளுக்கு நிலநடுக்கம் தீராப் பகை. அதிலும், பெருங்கருந்துளைகள் ஒன்றையொன்று சுற்றி நெருங்குகையில் எழும் மிக மெதுவான அலைகளை அவற்றால் உணரவே இயலாது. விண்ணில் மூன்று கலங்களைத் தொலைதூரத்தில் நிறுத்தி, அவற்றினுள் மிதக்கும் கட்டிகளுக்கு இடையிலான தொலைவை லேசரால் அளப்பதே லிசா திட்டம். நிதி நெருக்கடியால் 2011இல் நாசா அதிலிருந்து விலகியது. ஐரோப்பா தனித்து நின்றது. பணத்தைவிடப் பெரிய ஐயம் ஒன்றும் இருந்தது: ஈர்ப்பைத் தவிர வேறெதுவும் தீண்டாமல் ஒரு பொருளை விழவிட முடியுமா?

இதற்கு விடை தேடி 2015 டிசம்பர் 3 அன்று பிரெஞ்சு கயானாவின் கூருவிலிருந்து லிசா பாத்ஃபைண்டர் புறப்பட்டது. பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் அப்பால் அது நிலைகொண்டது. உள்ளே தங்கமும் பிளாட்டினமும் கலந்த இரு கனசதுரங்கள்; பக்கம் 46 மில்லிமீட்டர், எடை ஏறத்தாழ 2 கிலோ. லட்சக்கணக்கான கிலோமீட்டர் தொலைவு இங்கே 38 சென்டிமீட்டராகச் சுருக்கப்பட்டிருந்தது.

வியப்பு என்னவெனில், கலம் கட்டியைச் சுமப்பதில்லை. விழும் கட்டியைக் கலம்தான் பின்தொடர்கிறது. சூரிய ஒளியின் அழுத்தம் கலத்தைச் சற்றே தள்ளினாலும் நுண்ணிய உந்திகள் அதைத் திருத்திவிடும். அண்டக்கதிர்களால் கட்டியில் சேரும் மின்னேற்றத்தைப் புறஊதா ஒளி நீக்கும். கலத்தின் சொந்த ஈர்ப்பைக்கூடக் கணக்கிட்டுச் சமன்செய்ய வேண்டியிருந்தது. காவலன் தன் நிழலும் படாமல் காப்பது போன்ற வேலை.

2016 பிப்ரவரி நடுவில் கட்டிகள் விடுவிக்கப்பட்டன. லைகோவின் அறிவிப்பு வெளியாகிச் சில நாட்களே ஆகியிருந்ததால் உலகின் கவனம் அங்கேயே இருந்தது. அவ்வாண்டு ஜூனில் வந்த முடிவு, வேண்டிய துல்லியத்தைவிட ஐந்து மடங்கு மேலானது. எஞ்சிய காற்று மூலக்கூறுகள் கட்டிகள்மீது மோதுவதே பெரிய இடையூறாகத் தெரிந்தது. நாளடைவில் அவை வெளியேற, அமைதி இன்னும் கூடியது.

2017 ஜூனில் ஐரோப்பிய விண்வெளி முகமை லிசாவைத் தேர்ந்தெடுத்தது. அடுத்த மாதம் பாத்ஃபைண்டர் அணைக்கப்பட்டது. 2024 ஜனவரியில் முழு ஒப்புதல் கிடைத்தது. 25 லட்சம் கிலோமீட்டர் இடைவெளியில் பறக்கவிருக்கும் அம்மூன்று கலங்களின் ஏவுதல் 2035இல் திட்டமிடப்பட்டுள்ளது. அவற்றினுள்ளும் இதே வகைக் கட்டிகளே மிதக்கவுள்ளன.