வால்வு சீலா, பிஸ்டன் ரிங்கா?

திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் ஒரு வீட்டு மாருதி 800 இரண்டு வகை ஓட்டம் ஓடும். பௌர்ணமி கிரிவலம் வந்தால் வேலூர் சாலை நெரிசலில் நின்று நின்று ஊரும். விடுமுறை வந்தால் போளூர் வழியாக ஜவ்வாது மலை ஏறி, ஜமுனாமரத்தூர் போய் இறங்கும். 'வண்டி ஆயில் குடிக்குது' என்று புலம்புகிறவர் முதலில் கவனிக்க வேண்டியது, இந்த இரண்டில் எந்த ஓட்டத்தில் நீலப் புகை வருகிறது என்பதைத்தான்.

இன்ஜினுக்குள் ஆயில் எரிந்து தீர இரண்டு முக்கிய வழிகள் உண்டு. மேலே வால்வு சீல், கீழே பிஸ்டன் ரிங். இரண்டும் ஒரே நீலப் புகையைத்தான் தரும். ஆனால் புகை வரும் நேரம் வேறு, செலவும் வேறு.

வால்வு சீல் என்பது வால்வு கைடின் தலையில் மாட்டும் சின்ன ரப்பர் தொப்பி. 796 சிசி, மூன்று சிலிண்டர், ஆறு வால்வு கொண்ட 800-இல் மொத்தமே ஆறு சீல்தான். ரப்பர் சூட்டிலும் வயதிலும் இறுகிப்போகும். வண்டி அதிகம் ஓடாமல் நிழலில் நின்றாலும் வயது ஏறாமல் இருக்காது. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் இன்டேக் பக்கம் வெற்றிடம் கூடி, இறுகிய சீலின் ஓரமாக ஆயிலை உறிஞ்சும். அதனால்தான் நெரிசலில் வெகுநேரம் ஐடிலில் நின்று கிளம்பும்போதும், கியரில் மலை இறங்கி மறுபடி ஆக்சிலேட்டர் மிதிக்கும்போதும் குபீரென்று ஒரு புகை வந்து அடங்கும். இரவெல்லாம் ஆயில் கசிந்து இறங்கியிருந்தால் காலையில் முதல் ஸ்டார்ட்டிலும் அதே புகை வரும்.

ரிங் தேய்ந்த வண்டி மலை ஏறும்போது காட்டிக்கொடுக்கும். ஐந்து பேரும் மூட்டையுமாக இரண்டாவது கியரில் ஏறும்போது புகை அடங்காமல் தொடரும், இழுவையும் குறையும். எரியும் வாயு ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்குவதால், ஐடிலில் ஆயில் மூடியைத் திறந்தால் புஸ் புஸ்ஸென்று தள்ளும். பிரீதர் குழாய் வழியாக ஏர் ஃபில்டரே ஆயிலில் நனைந்திருக்கும்.

கண்ணால் பார்த்ததை கம்ப்ரஷன் கேஜ் உறுதி செய்யும். பிளக்கைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டராக அளக்க வேண்டும். குறைவாகக் காட்டும் சிலிண்டரில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி அளக்கும்போது எண் நன்றாக ஏறினால் ரிங் அல்லது சிலிண்டர் போர் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வு சரியாக உட்காராதிருக்கலாம், ஹெட் கேஸ்கட்டும் போயிருக்கலாம். மூன்றிலும் எண் நன்றாகவே இருந்து புகை மட்டும் வந்தால் முதல் சந்தேகம் வால்வு சீல் மேல்தான் விழ வேண்டும். ஒரு விதிவிலக்கு உண்டு. பிஸ்டனின் கடைசி ரிங்கான ஆயில் ரிங் கார்பனில் ஒட்டிக்கொண்டாலும் கம்ப்ரஷன் நல்லதாகவே காட்டும். அங்கே நல்ல ஆயிலை வழக்கத்தைவிடச் சீக்கிரம் இரண்டு மூன்று முறை மாற்றிப் பார்ப்பது, இன்ஜினைப் பிரிப்பதற்கு முன் செய்து பார்க்க வேண்டிய முயற்சி.

வேலையை ஒப்பிட்டால் வித்தியாசம் பெரிது. சீல் மாற்ற ஹெட்டை இறக்கினால் போதும். சிலிண்டருக்குள் காற்றழுத்தம் கொடுத்து, ஹெட்டை இறக்காமலே மாற்றும் முறையும் உண்டு. ரிங் வேலையில் பிஸ்டனைக் கழற்றி, போரை அளந்து, தேய்மானம் மிஞ்சியிருந்தால் லேத்துக்கு அனுப்பி ரீபோர் செய்து, 0.25 அல்லது 0.50 மி.மீ. ஓவர்சைஸ் பிஸ்டன் போட வேண்டும். தேய்ந்து வழவழப்பான போரில் ஹோனிங்கூடச் செய்யாமல் புது ரிங் போட்டால் அது சரியாகப் படியாது. பணம் போகும், புகை போகாது.

'ஹெட்டை மட்டும் செஞ்சா அடுத்து கீழே போயிடும், ஒரேயடியா முடிச்சிடுங்க சார்' என்று பட்டறையில் சொல்வார்கள். வால்வைத் தேய்த்து உட்காரவைக்கும்போது கம்ப்ரஷன் கூடி, ஏற்கெனவே தளர்ந்த ரிங் வெளிப்படலாம். அந்த அளவில் அந்தப் பேச்சு உண்மை. ஆனால் சீல் மாற்றுவதால் மட்டும் கம்ப்ரஷன் கூடுவதில்லை. ஆறு ரப்பருக்காக முழு இன்ஜினையும் பிரிப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

20டபிள்யூ-40 ஆயிலுக்குப் பதில் கெட்டியான 20டபிள்யூ-50 ஊற்றுவது நம் ஊர் வெயிலில் ஆயில் குடிப்பதைக் கொஞ்சம் குறைக்கும். அது தவணை வாங்குவது மட்டுமே. ஆயில் கேஜின் மேல் கோட்டைத் தாண்டி ஊற்றுவதோ கெடுதல். கிராங்க் அதைக் கடைந்து நுரையாக்கி பிரீதர் வழியே தள்ளிவிடும். டப்பட் கவர் கேஸ்கட், கிராங்க் சீல் கசிவையும் முதலிலேயே பார்த்துவிட வேண்டும். இரவு வண்டிக்கடியில் ஓர் அட்டையை விரித்து வைத்தால் காலையில் தெரிந்துவிடும்.

மாருதி 800 உற்பத்தி 2014 ஜனவரியில் நின்றது. 15 ஆண்டுப் பதிவு முடிந்து புதுப்பிக்கும்போது புகையோடு போய் நிற்க முடியாது. வைத்திருப்பவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான்: சமதரையில், இன்ஜின் அணைத்துப் பத்து நிமிடம் கழித்து ஆயில் கேஜைப் பாருங்கள். ஊற்றும் அளவையும் கிலோமீட்டரையும் நோட்டில் குறியுங்கள். இன்ஜினைப் பிரிக்கச் சம்மதிக்கும் முன், மூன்று சிலிண்டரின் கம்ப்ரஷன் எண்களையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.